மெடிக்கலில் கணக்குப் பார்க்கிறேன், புரோகிராமிங் வருமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 29 வயது. கடலூர் முதுநகரில் வீடு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெடிக்கலில் பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தேன். புரோகிராமிங் கற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. யூடியூபில் சி, ஜாவா, பைத்தான் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துவிட்டேன். பார்க்கும்போது புரிகிறது, மூடிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. தம்பிக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்தான் இருக்கிறது, விண்டோஸ் 7. அதில் பைத்தான் இன்ஸ்டாலே ஆகவில்லை. புதுச்சேரியில் ஒரு சென்டரில் ஆறு மாத கோர்ஸ், 45,000 ரூபாய், வேலைக்கு நூறு சதவீதம் கேரண்டி என்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சேர்ந்துவிடலாமா என்று யோசனை. கணக்கில் நான் சுமார், இங்கிலீஷும் அப்படித்தான். போதாக்குறைக்கு இப்போது ஏஐயே புரோகிராம் எழுதிவிடுகிறது என்கிறார்கள். இந்த வயதில் இதைத் தொடங்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: வணக்கம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும். சென்டர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த லேப்டாப்பைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் தயக்கம், இது ஒன்றுதான் நிஜமான தடை.

பைத்தான் ஏறாததற்கு நீங்கள் காரணமில்லை, லேப்டாப்பும் பழுதில்லை. பைத்தான் 3.9 பதிப்பிலிருந்து விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டார்கள். அவர்களுடைய தளத்தின் முகப்பில் இருக்கும் பட்டனை அழுத்தினால் எப்போதும் புதுப் பதிப்புதான் இறங்கும், அது உங்களிடம் ஏறாது. வீடியோவில் சொல்லித்தருபவரிடம் விண்டோஸ் 10, 11 என்று இருக்கும். இப்படியொரு சிக்கல் இருப்பது அவர் நினைவுக்கே வந்திருக்காது. நீங்கள் டவுன்லோட்ஸ் பக்கத்தில் பழைய பதிப்புகளின் பட்டியலுக்குப் போய் 3.8.10 என்பதை எடுங்கள். 3.8 வரிசையில் விண்டோஸுக்கான இன்ஸ்டாலரோடு வந்த கடைசிப் பதிப்பு அதுதான். அதற்கடுத்து வந்த 3.8.11, 3.8.12 எல்லாம் இன்ஸ்டாலர் இல்லாமல், சோர்ஸ் கோடாக (புரோகிராமின் மூல வடிவமாக) மட்டுமே வெளியானவை, அந்தப் பக்கம் போக வேண்டாம். 'கம்ப்யூட்டர்' ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் உங்களுடையது 32 பிட்டா 64 பிட்டா என்பதும் (அதற்கேற்ற இன்ஸ்டாலரை எடுங்கள்), விண்டோஸ் 7க்கு வந்த சர்வீஸ் பேக் 1 என்ற அப்டேட் தொகுப்பு இருக்கிறதா என்பதும் தெரியும். சர்வீஸ் பேக் 1 இல்லாவிட்டால் இதுவும் ஏறாது, அதை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். இன்ஸ்டாலர் திறந்ததும் அடியில் 'ஆட் பைத்தான் 3.8 டு பாத்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்ட பிறகுதான் அடுத்த பட்டனைத் தொட வேண்டும். இதை விட்டுவிட்டு, 'பைத்தானைக் காணோம்' என்று கம்ப்யூட்டர் சொல்வதைப் பார்த்து முதல் நாளே மனம் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர்.

3.8க்கான ஆதரவு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டதுதான். பரவாயில்லை, நீங்கள் அடுத்த ஆறு மாதம் படிக்கப்போவதில் எதுவும் அதில் குறையாது. அதோடு ஐடில் என்ற எழுதும் இடமும் சேர்ந்தே வரும், அதுவே போதும். 'பெரிய கம்பெனிகளில் எல்லாரும் இதில்தான் எழுதுகிறார்கள்' என்று கனமான எடிட்டரை ஏற்றினால் அந்த லேப்டாப் மூச்சுவாங்கும். ஒன்று மட்டும் கவனம். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதில் பேங்க் வேலை எதுவும் பார்க்காதீர்கள்.

சரி, 'பார்க்கும்போது புரிகிறது, எழுதினால் வரவில்லை' என்கிறீர்கள். எதிர்வீட்டு வாசலில் கோலம் போடுவதை நின்று பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். நம் வாசலில் மாவை எடுத்தால் புள்ளி எத்தனை என்பதிலேயே கை நிற்கும். வீடியோவும் அப்படித்தான். யோசிக்க வேண்டிய வேலையை அவர் செய்துவிடுகிறார், நமக்குத் தலையாட்டும் வேலைதான் மிஞ்சுகிறது. ஆகவே ஐந்து நிமிடம் பாருங்கள், நிறுத்துங்கள், மூடுங்கள், வெற்றுப் பக்கத்தில் நீங்களாக எழுதுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் என்ன விடை வரும் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். விடை வேறாக வந்தால் அதுதான் அன்றைய பாடம். ஓடிவிட்டால் விட்டுவிடாதீர்கள், ஒரு அடைப்புக்குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள், ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தவருக்கு, தானாக உடையும்போது பயம் இருக்காது.

மெடிக்கலில் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் இருக்காது என்று நினைக்கிறேன். அப்போது கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை, பழைய பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் புரோகிராம் எழுதலாம். இரவு வீட்டில் அதை அடித்து ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்காருவதைவிட தினம் முக்கால் மணி நேரம் எவ்வளவோ மேல்.

எந்த மொழி என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. உங்களுக்குப் பைத்தான். 'சி தெரியாமல் பைத்தான் படிப்பது அஸ்திவாரம் இல்லாமல் வீடு கட்டுவது' என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லார் வீட்டிலும் இருப்பார். சி மொழி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது, கம்ப்யூட்டரின் அடிவயிறு வரை போக வேண்டியவர்களுக்கு இன்றும் அதுதான். நம் ஊர்க் கல்லூரிகளில் அதில் தொடங்கிப் பழகிவிட்டார்கள், அவ்வளவே. உங்களுக்கு வேண்டியது பட்டியலைப் படித்து, வடிகட்டி, கணக்கிட்டு எழுதித்தரும் ஒரு மொழி. அந்த வேலைக்கு, 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான் போல வளைந்துகொடுப்பது குறைவு. தவிர, ஒரு மதிப்புக்குப் பெயர் வைப்பது, 'இப்படியானால் அப்படிச் செய்' என்பது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது, பட்டியல் வைத்துக்கொள்வது, வேலையைத் துண்டாக்கி ஃபங்ஷன் எழுதுவது என்று அடிப்படை எல்லா மொழியிலும் ஒன்றேதான். நீங்கள் மூன்று மொழிகளில் முதல் அத்தியாயத்தை மூன்று முறை பார்த்திருக்கிறீர்கள். இனி ஒன்றில் கடைசி அத்தியாயம் வரை போக வேண்டும்.

என்ன எழுதுவது? இந்த இடத்தில்தான் எனக்கு உங்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை. தனியாகப் படிக்கிறவர்களில் பலர் பாதியில் நிற்பதற்குக் காரணம் மொழி கடினம் என்பதில்லை, எழுத ஒரு வேலை கையில் இல்லை என்பதுதான். புத்தகத்தில் இருக்கும் பகா எண் கண்டுபிடிக்கும் கணக்கைப் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று விழிப்பார்கள். உங்களிடம் ரேக் முழுக்க வேலை இருக்கிறது. மாதாமாதம் எக்ஸ்பயரி நெருங்கும் மருந்துகளைத் தேடி ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்புவீர்கள் அல்லவா? அதுதான் உங்கள் முதல் புரோகிராம். 'இன்னும் மூன்று மாதத்துக்குள் எக்ஸ்பயரி ஆகும் மருந்துகள் எவை?' இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரிலேயே இதற்கு ரிப்போர்ட் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும். அந்த ரிப்போர்ட்டோடு உங்கள் விடையை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம், அது இன்னும் வசதி. ஆனால் அந்த சாஃப்ட்வேரின் ஃபைல்களில் கை வைக்காதீர்கள். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு இருபது மருந்தின் பெயர், பேட்ச், எக்ஸ்பயரி, எத்தனை ஸ்ட்ரிப் என்பதை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

முதல் நாள் நான்கே மருந்து. பாராசிட்டமால், செட்ரிசின், மெட்ஃபார்மின், அம்லோடிபின். அவற்றை ஒரு லிஸ்டில் வைத்து, ஒவ்வொன்றாகத் திரையில் வரவையுங்கள். அடுத்த நாள் ஸ்டாக் எண்ணிக்கையை உங்களிடமே கேட்டு வாங்கும்படி செய்யுங்கள். ரேக்கில் 10, புதிதாக வந்தது 5, மொத்தம் எவ்வளவு? 15 என்று எதிர்பார்ப்பீர்கள், 105 என்று வரும். இன்புட் என்ற கட்டளை நீங்கள் அடித்ததை எண்ணாக வாங்கிக்கொள்ளாது, எழுத்தாகத்தான் வாங்கும். எழுத்தையும் எழுத்தையும் கூட்டச் சொன்னால் பக்கத்தில் ஒட்டிவைக்கும். இன்ட் என்பதற்குள் போட்டு எண்ணாக மாற்றச் சொல்ல வேண்டும். இந்த 105ஐ ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு, எழுத்து வேறு எண் வேறு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் தேதி. ஸ்ட்ரிப்பில் 03/2026, 11/2025 என்று மாதமும் வருடமுமாகத்தானே இருக்கும்? அதை அப்படியே எழுத்தாக வைத்து வரிசைப்படுத்தச் சொல்லிப் பாருங்கள். 2026 மார்ச் முன்னாலும் 2025 நவம்பர் பின்னாலும் வந்து நிற்கும். எழுத்துகளை ஒப்பிடும்போது பைத்தான் இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கும். முதல் எழுத்து இங்கே 0, அங்கே 1. 0 சின்னது, முடிந்தது தீர்ப்பு, வருடத்தை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபப்படாமல் யோசித்தால் தீர்வு நீங்களே சொல்லிவிடுவீர்கள். வருடத்தை முன்னால் போட்டு 2025-11, 2026-03 என்று எழுதினால் வரிசை சரியாகிவிடும். ஆனால் மார்ச் என்பதை 03 என்று இரண்டு இலக்கமாக எழுத வேண்டும். 2026-3 என்று விட்டால் 2026-11க்கு, அதாவது அதே வருடத்து நவம்பருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏன் என்பதை நான் சொல்லப்போவதில்லை, மேலே சொன்னதை வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

இதே பட்டியலை எக்செல்லில் அடித்து சிஎஸ்வி ஃபைலாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்து ஃபைல்) சேமித்துப் படிப்பது பிற்பாடு வரும் கட்டம். அங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. 03/2026 என்று அடித்தவுடன் எக்செல் தானாகவே அதைத் தேதி என்று நினைத்து 'மார்-26' என்று மாற்றி வைத்துவிடும். அடிக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவையுங்கள், அல்லது ஆரம்பத்துக்கு நோட்பேடே நல்லது.

'இன்னும் மூன்று மாதத்துக்குள்' என்பதை எப்படிச் சொல்வது? இப்போது 2025 நவம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மாதம் 11. மூன்றைக் கூட்டினால் 14. பதினான்காவது மாதம் என்று ஒன்று கிடையாது. வழி இதுதான்: வருடத்தை 12ஆல் பெருக்கி மாதத்தைக் கூட்டுங்கள். 2025 நவம்பருக்கு 24311. 2026 பிப்ரவரிக்கு 24314. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3. விடை 3 அல்லது அதற்குக் கீழே வந்தால் மருந்து பட்டியலில் வரட்டும், மேலே போனால் ரேக்கிலேயே இருக்கட்டும். கழித்தல் விடை பூஜ்யத்துக்கும் கீழே போனால் ஏற்கெனவே காலாவதியானது, அதைத் தனித் தலைப்பில் காட்ட வேண்டும்.

கணக்கில் சுமார் என்றீர்களே, உங்களுக்குத் தேவையான கணிதம் இவ்வளவுதான். பெருக்கலும் கழித்தலும். கல்லாவில் தினம் இதைவிட அதிகமாகப் போடுகிறீர்கள்.

பி.காம். படித்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, நினைவிருக்கும். ஒரு பில் புரோகிராமில் 12 என்ற எண்ணைப் பத்து இடத்தில் எழுதி வைத்திருந்தால் பத்தையும் தேடி மாற்ற வேண்டும். அந்த 12, வரியா, டஜன் கணக்கா, வருடத்தின் மாதங்களா என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். மேலே ஒரே இடத்தில் 'வரி விகிதம்' என்று பெயர் வைத்து எழுதியிருந்தால் ஒரு திருத்தத்தோடு வேலை முடிந்தது. இப்படிப் பெயர் வைத்த மதிப்புக்குத்தான் வேரியபிள் என்று பெயர். அது எதற்கு என்று வீடியோவில் பெட்டி படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தைவிட இந்த வரி மாற்றம் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

இங்கிலீஷ் பற்றி. பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் 35தான். அதிலும் நீங்கள் அன்றாடம் தொடப்போவது பதினைந்து இருபது. மருந்துப் பெயர்களை எழுத்துப் பிசகாமல் படிக்கிறவருக்கு இது எந்த மூலைக்கு? பிழைச் செய்தி சிவப்பில் பத்து வரி வந்தால் மேலிருந்து படிக்காதீர்கள். கடைசி வரியில்தான் என்ன பிழை என்று இருக்கும், அதற்கு மேலே எந்த வரி என்று எண் இருக்கும். நேம் எரர் என்றால் அந்தப் பெயரை அதற்குத் தெரியவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. டைப் எரர் என்றால் சேராத இரண்டைச் சேர்க்கப் பார்த்திருக்கிறீர்கள். இன்டென்டேஷன் எரர் என்றால் வரியின் தொடக்கத்தில் இடைவெளி தப்பு. சின்டாக்ஸ் எரர் என்றால் எழுதிய முறையே தப்பு. இதில் மட்டும் ஒரு சூட்சுமம், பல சமயம் அது காட்டும் வரி சரியாகவே இருக்கும், முந்தைய வரியில் அடைப்புக்குறியை மூடியிருக்க மாட்டீர்கள். 3.10 முதல் இந்தப் பிழையைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது, உங்கள் 3.8 சொல்லாது. ஆகவே ஒரு வரி மேலேயும் பாருங்கள்.

தமிழில் படிக்க இருப்பதை நம்மவர்களே தேடுவதில்லை. தமிழ்நாடு பாடநூலில் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம் பைத்தானை வைத்துத்தான் இருக்கிறது, தமிழ் வழியிலும் உண்டு, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் தெருவில் யாராவது பிளஸ் டூ முடித்திருந்தால் புத்தகமாகவே கிடைக்கும். தேர்வுக்கு எழுதப்பட்டது என்பதால் நடை கொஞ்சம் வறட்சி, ஆனால் வரிசை ஒழுங்காக இருக்கும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பல தமிழ்க் குரலில் இருக்கின்றன. கணியம் தளத்தில் தமிழில் எழுதப்பட்ட இலவச மின்னூல்கள் இருக்கின்றன. தமிழிலேயே கட்டளை எழுதும் எழில் என்ற மொழிகூட உண்டு, ஒரு மாலைப்பொழுது அதில் விளையாடிப் பாருங்கள், சந்தோஷமாக இருக்கும். வேலைக்குப் பைத்தானே இருக்கட்டும்.

விளையாட்டு என்றதும் ஒன்று. 'கடலூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேளுங்கள். 6 என்று சொல்லும். நமக்கு நான்குதான். யூனிகோடில் 'லூ' என்பது ல என்பதும் ஊகாரக் குறியும், 'ர்' என்பது ர என்பதும் புள்ளியும். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் போட்டு நெடுவரிசையாக அடுக்கும்போது கோணல்மாணலாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போதைக்குத் தெரிந்துகொண்டால் போதும், சரிசெய்ய மெனக்கெட வேண்டாம்.

ஏஐ விஷயம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியது. ஆமாம், எழுதுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு எங்கள் தொழிலில் அதைத் தொடாதவர்கள் குறைவு, நானும் தினம் பயன்படுத்துகிறேன். எக்ஸ்பயரி புரோகிராமை அதனிடம் கேட்டால் அரை நிமிடத்தில் தந்துவிடும். இப்போது இதைக் கவனியுங்கள். 03/2026 என்பதைத் தேதியாக மாற்று என்று பைத்தானின் வழக்கமான தேதிக் கட்டளையிடம் சொன்னால், நாள் குறிப்பிடாததால் அது 2026 மார்ச் 1 என்று எடுத்துக்கொள்ளும். அதை அப்படியே இன்றைய தேதியோடு ஒப்பிட்டு எழுதிய புரோகிராம், மார்ச் 2ஆம் தேதி காலையில் அந்த மருந்தை 'காலாவதி' என்று காட்டும். உங்கள் தொழிலில் அந்த மருந்துக்கு மார்ச் 31 வரை ஆயுள். விற்கக்கூடிய சரக்கைத் தனியே ஒதுக்கிவிடுவீர்கள். இந்தப் பிழைக்குச் சிவப்பு எழுத்து எதுவும் வராது, புரோகிராம் சமர்த்தாக ஓடும். சாஃப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் கண்ணிலும் படாது. மெடிக்கலில் ரேக்குக்கு முன்னால் நின்றவர் கண்ணில்தான் படும். அதுவும், புரோகிராமை வரி வரியாகப் படிக்கத் தெரிந்திருந்தால் மட்டும்.

அதனால் ஏஐயை உங்களுக்காக எழுத விடாதீர்கள். எழுதியதை விளக்கச் சொல்லுங்கள். 'இந்தப் பிழைக்கு அர்த்தம் என்ன, தமிழில் சொல், திருத்தித் தராதே' என்று கேளுங்கள், நன்றாகவே சொல்லும். அது தந்த ஒரு வரி உங்களுக்குப் புரியவில்லை என்றால் அந்த வரி உங்கள் புரோகிராமில் இருக்கக் கூடாது, அவ்வளவு கறாராக இருங்கள். முதல் நான்கைந்து மாதம் காப்பி-பேஸ்ட் வேண்டவே வேண்டாம், எல்லாவற்றையும் விரலால் அடியுங்கள். இன்னொன்று, வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், அவர் வாங்கிய மருந்து இதையெல்லாம் அதில் கொட்டாதீர்கள். ஒருவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை.

இப்போது அந்த சென்டர். நல்ல சென்டர்கள் இருக்கின்றன, நல்ல வாத்தியாரிடம் உட்கார்ந்தால் வேகமாக வரும் என்பதும் உண்மை. ஆனால் 'நூறு சதவீதம் வேலை கேரண்டி' என்று வாயால் சொல்பவரிடம், அதையே முத்திரைத்தாளில் எழுதித் தருவீர்களா, வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேட்டுப் பாருங்கள். கேரண்டி அந்த இடத்திலேயே கரைந்து 'உதவி செய்வோம்' ஆகிவிடும். இன்டர்வியூவுக்கு அனுப்பிவைப்பதும் வேலை வாங்கித் தருவதும் ஒன்றில்லை. சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். அங்கே பிள்ளைகள் அடித்து ஓட்டுகிறார்களா, இல்லை திரையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். நோட்டில்தான் என்றால் திரும்பி வந்துவிடுங்கள், அது யூடியூப்பே, பஸ் செலவு சேர்த்து. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடன் வாங்கியோ நகை வைத்தோ கட்டாதீர்கள். வட்டி ஓடுகிறது என்ற நினைப்போடு உட்கார்ந்தால் புரோகிராமிங்குக்குத் தேவையான நிதானம் வராது.

அந்தப் பணத்தில் ஒரு பங்கில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கலாம். அதையும் இப்போதே வாங்க வேண்டாம், எக்ஸ்பயரி பட்டியல் ஓடிய பிறகு வாங்குங்கள். சர்டிபிகேட் வேண்டுமென்றால் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல்லில் பைத்தான் பாடம் சேர இலவசம், தேர்வு எழுதத்தான் கட்டணம். ஆங்கிலத்தில் இருக்கும், ஆறு மாதம் போனபின் அதுவும் உங்களுக்குச் சமாளிக்கக்கூடியதாகவே இருக்கும்.

கூடப் படிக்க ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் கணினி அறிவியல் முடித்தவர் ஒருவராவது இருப்பார். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலான இலவச மென்பொருள்) பயனர் குழு இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தருபவர்கள்.

வேலை கிடைக்குமா? ஆறு மாதம் படித்துவிட்டு சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் புது இன்ஜினியரிங் பட்டதாரிகளோடு வரிசையில் நின்றால் கஷ்டம்தான், ஆசை வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அந்த வரிசையில் ஏன் நிற்க வேண்டும்? புதுச்சேரியில் ஜிப்மரில் தொடங்கி தனியார் மருத்துவக் கல்லூரிகள் வரை எத்தனை இருக்கின்றன, கடலூர் சிப்காட்டில் மருந்து ஆலைகள் இருக்கின்றன, நடுவில் ஸ்டாக்கிஸ்டுகள், மெடிக்கல்கள். பேட்ச் என்றால் என்ன, ரிட்டர்ன் எப்படிப் போகும், கிரெடிட் நோட் எப்போது வரும் என்று தெரிந்து, கூடவே ஆயிரம் வரிப் பட்டியலைப் புரோகிராமால் வடிகட்டத் தெரிந்த ஆள் அங்கே அபூர்வம். பைத்தான் கைக்கு வந்ததும் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் படியுங்கள். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம். இரண்டும் சேர்ந்து ஓரளவு கைவர, இருக்கிற வேலையை விடாமல், ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னாலேயே வந்தால் சந்தோஷம்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 29 ஒரு வயதே இல்லை, அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

எங்காவது மாட்டிக்கொண்டால் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது நான்கு விஷயம் இருக்கட்டும். என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, பிழைச் செய்தியின் கடைசி வரி. புரோகிராமை செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், அப்படியே காப்பி செய்து எழுத்தாக அனுப்புங்கள். வரி தொடக்கத்து இடைவெளிகள் போட்டோவில் சரியாகத் தெரியாது, பைத்தானில் பாதிப் பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.